‘ஹை’ என்பது சம்மதம் அல்ல: ஜப்பானியர்களோடு வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்டர்ப்ரெட்டராகச் சேர்ந்த முதல் மாதம். பேக்கிங் முறையை மாற்றினால் ஒரு லாரியில் எவ்வளவு கூடுதலாக ஏற்றலாம் என்று எங்கள் உற்பத்தி மேலாளர், ஜப்பானிலிருந்து வந்திருந்த பொறியாளருக்கு நாற்பது நிமிடம் விளக்கினார். நான் வாக்கியம் வாக்கியமாக மாற்றிச் சொல்லச் சொல்ல, எதிரே இருந்தவர் ஒவ்வொன்றுக்கும் “ஹை, ஹை” (ஆமாம், ஆமாம்) என்று தலையசைத்தார். வெளியே வந்ததும் மேலாளர் என் தோளைத் தட்டினார். “பாத்தீங்களா, எல்லாத்துக்கும் ஓகே சொல்லிட்டாரு!” அன்று சாயங்காலமே புதிய அட்டைப்பெட்டிக்கு ஆர்டர் போய்விட்டது. பத்து நாள் கழித்து ஜப்பானிலிருந்து ஒரே ஒரு வரியில் மின்னஞ்சல்: இந்த மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தது யார்?

அந்தப் பெட்டிகள் இரண்டு வருடம் ஸ்டோர் ரூமில் கிடந்தன. போகும்போதும் வரும்போதும் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் இதே வேலை. ஶ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் ஜப்பானிய மேலதிகாரியின் கீழ் வேலை செய்பவர்களும், வேலைக்காக ஜப்பானில் நகோயா, ஹமமாட்ஸு என்று கிளம்புகிறவர்களும் திரும்பத் திரும்ப ஒரே பள்ளத்தில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் தமிழ் பேசும்போது நமக்குக் காது ரொம்பக் கூர்மை. ‘பார்க்கலாம்’ என்பதில் எத்தனை வகை ‘முடியாது’ இருக்கிறது என்று ஏழாவது படிக்கிற பிள்ளைக்கே தெரியும். ஆபீஸுக்குள் நுழைந்து ஆங்கிலத்துக்கு மாறியதும் அந்தக் காதைக் கழற்றி வாசலிலேயே வைத்துவிடுகிறோம். ‘எஸ்’ என்றால் எஸ், ‘நோ’ என்றால் நோ என்று எடுத்துக்கொள்கிறோம். கீழே வருகிற படிகளில் பாதி, அந்தக் காதை மறுபடி மாட்டிக்கொள்வது பற்றித்தான்.

முதல் படி: உம் கொட்டுவதை அடையாளம் காணுங்கள்

பாட்டி கதை சொல்லும்போது “உம் கொட்டுடா, இல்லேன்னா நிறுத்திடுவேன்” என்பாள். நாம் “ம்... ம்...” என்போம். அந்த ‘ம்’முக்கு, கதையில் ராஜா செய்தது சரி என்று நாம் ஒப்புக்கொண்டதாகவா அர்த்தம்? விழித்திருக்கிறோம், மேலே சொல்லுங்கள் என்றுதானே. ஜப்பானிய ‘ஹை’யில் பெரும்பகுதி இந்த உம் கொட்டல்தான். அதற்கு அவர்கள் மொழியில் ‘ஐஸுச்சி’ என்று பெயரே உண்டு. பட்டறையில் கொல்லரும் உதவியாளரும் எதிரெதிரே நின்று மாறி மாறிச் சம்மட்டி போடுவதிலிருந்து வந்த சொல். ஒருவர் அடித்ததும் மற்றவர் அடிக்க வேண்டும், இல்லையென்றால் இரும்பு ஆறிவிடும்.

‘ஹை’, ‘ஏ’, ‘உன்’, ‘நருஹோதோ’, ‘ஸோ தெஸ் கா’ எல்லாமே இந்தச் சம்மட்டி அடிகள். ‘நருஹோதோ’ என்றால் ‘ஓஹோ, அப்படியா சங்கதி’ என்ற அளவுதான். அவர் ஆங்கிலத்தில் பேசினாலும் பழக்கம் மாறாது, ‘எஸ், எஸ்’ என்பார். அதுவும் உம்தான்.

அப்படியானால் உண்மையான சம்மதம் எப்படி இருக்கும்? அதில் ஒரு வினைச்சொல்லும் ஒரு தேதியும் இருக்கும். ‘இதன்படி செய்வோம், அடுத்த திங்கட்கிழமை வரைபடம் அனுப்புகிறேன்’ என்றால் அது சம்மதம். தலையாட்டலை எண்ணாதீர்கள்.

எதிர்மறைக் கேள்வியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. “இன்னும் ரிப்போர்ட் அனுப்பவில்லையா?” என்று கேட்டால், அனுப்பாத ஜப்பானியர் ‘ஹை’ என்பார். நீங்கள் சொன்னது சரி, அனுப்பவில்லை என்று பொருள். நாமும் “அனுப்பலையா?” என்றால் “ஆமா, அனுப்பல” என்கிறோம் அல்லவா? அவர் அதையே ஆங்கிலத்தில் ‘எஸ்’ என்று சொல்லும்போதுதான், அனுப்பிவிட்டார் என்று நாம் நிம்மதியாக டீ குடிக்கப் போகிறோம். சுலபமான வழி, எதிர்மறையில் கேட்காமல் இருப்பது. ‘அனுப்பியாயிற்றா?’ என்று கேளுங்கள்.

இரண்டாம் படி: சொல்லாத ‘முடியாது’ காதில் விழ வேண்டும்

பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டு, “ஊருக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்” என்று எழுந்தால் பெண்ணின் அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிடும். யாரும் ‘பிடிக்கவில்லை’ என்று சொல்லவில்லை. ஜப்பானிய அலுவலகத்தில் இதற்கு நேரான சொல் ‘கென்த்தோ ஷிமாஸ்’. பரிசீலிக்கிறோம் என்று அகராதி சொல்லும். சில சமயம் உண்மையிலேயே பரிசீலிப்பார்கள். தேதி எதுவும் சொல்லாமல், புதிதாகக் கேள்வி எதுவும் கேட்காமல், முகத்தில் லேசான புன்னகையோடு வந்தால் அது சொல்லி அனுப்புகிற கதைதான்.

‘முஸுகஷீ தெஸ் நே’. கஷ்டம்தான், இல்லையா என்பது நேர்ப்பொருள். நம் ஆள் இதைக் கேட்டதும் உற்சாகமாகி, “கஷ்டம்னா பரவால்ல சார், நாங்க டே அண்ட் நைட் பண்ணி முடிச்சிடுறோம்” என்பார். எதிரே இருப்பவர் கதவைச் சாத்திவிட்டார், இவர் ஜன்னல் வழியாக ஏறிக் குதிக்கிறார்.

‘ச்சொத்தோ...’ என்றால் ‘கொஞ்சம்’. “வெள்ளிக்கிழமை கூட்டம் வைத்துக்கொள்ளலாமா?” “வெள்ளிக்கிழமை ச்சொத்தோ...” அதோடு வாக்கியம் முடிந்துவிடும். மீதியை நீங்கள் நிரப்பிக்கொண்டு, “சரி, திங்கள்?” என்று கேட்பதுதான் நாகரிகம். காரணம் கேட்டுத் துருவக் கூடாது.

சொல்லே இல்லாத மறுப்பு ஒன்றும் உண்டு. பல்லிடுக்கு வழியாக ‘ஸ்ஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்து, தலையை ஒரு பக்கம் சாய்ப்பார்கள். இன்டர்ப்ரெட்டராக நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிராத ஒரே தருணம் அதுதான். ஆனாலும் வாய் திறந்து சொல்லிவிடுவேன்: “சார், வேண்டாங்கிறார்.”

மனதில் இருப்பதை ‘ஹொன்னே’ என்றும் சபைக்குச் சொல்வதை ‘தத்தெமாயே’ என்றும் ஜப்பானியர் பிரித்து வைத்திருக்கிறார்கள். இதைச் சிலர் ‘உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவது’ என்று மொழிபெயர்த்துத் திட்டுவார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்புக் கூடிப்போனதை மாப்பிள்ளையின் அப்பாவிடம் யார் சொல்கிறோம்? எதிராளியை நாலு பேர் முன்னால் சங்கடத்தில் நிறுத்தாமல் இருப்பதற்கு அவர்கள் இரண்டு சொற்களை வைத்திருக்கிறார்கள். நாம் பேர் வைக்காமலே செய்கிறோம்.

மூன்றாம் படி: உங்கள் ‘முடிச்சிடலாம்’ அங்கே என்னவாகப் போய்ச் சேருகிறது?

இதில் தப்பு என் மேல்தான். ஒரு முறை மாதிரிப் பாகங்கள் எப்போது வரும் என்று கேட்டார்கள். எங்கள் டூல் ரூம் அண்ணன், “புதன்கிழமை அனுப்பிடுவோம்னு சொல்லுங்க” என்றார். ‘புதன்கிழமை அனுப்புவோம்’ என்று ஜப்பானியத்தில் நேராகச் சொல்லிவிட்டேன். புதன்கிழமை அங்கே நான்கு பேர் அளவெடுக்கும் அறையைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். பாகம் போய்ச் சேர்ந்தது அடுத்த திங்கட்கிழமை.

தமிழில் அந்த ‘இடுவோம்’ பெரும்பாலும் ஆறுதல். கவலைப்படாதீங்க, பார்த்துக்கிறோம் என்று தோளில் கை வைப்பது மாதிரி. கேட்பவரும் அதில் இரண்டு நாளைக் கழித்தோ கூட்டியோதான் எடுத்துக்கொள்வார். ஜப்பானிய மொழிக்கு மாறியதும் அந்தத் தோள் தட்டல் உதிர்ந்துபோய்த் தேதி மட்டும் மிஞ்சுகிறது. அவர்கள் காதில் அது வாக்குறுதி. தவறினால் பாகம் தாமதமானதாக அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை, நம் சொல்லை இனி நம்ப முடியாது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது யாராவது “முடிச்சிடலாம்” என்றால் மொழிபெயர்ப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுவிடுவேன். எந்தத் தேதி? எது நடந்தால் அந்தத் தேதி தவறும்? தவறும் என்று எப்போது தெரியவரும்? “பொருள் செவ்வாய் காலை வந்தால் புதன் அனுப்புவோம். வராவிட்டால் செவ்வாய் மதியமே தகவல் சொல்கிறோம்.” இப்படிச் சொன்னால் தாமதமானாலும் மரியாதை குறையாது.

நம் தலையாட்டலும் அவர்களை ஒரு வழி பண்ணுகிறது. பக்கவாட்டில் லேசாக ஆட்டுவதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்வார்கள். புதிதாக வந்த ஒருவர், தன் டிரைவர் எதற்குமே சம்மதிப்பதில்லை என்று ஒரு வாரம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். வாயால் சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: மௌனத்தில் கை வைக்காதீர்கள்

ஜப்பானியர் மெதுவாகப் பேசுபவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. 2009இல் 10 மொழிகளில், ஆம்–இல்லை கேள்விகளுக்கு எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது என்று அளந்த ஓர் ஆய்வு வெளியானது. மிக வேகமாகப் பதில் சொன்னவர்கள் ஜப்பானியர். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரியாகக் கிட்டத்தட்ட இடைவெளியே இல்லை. மிகத் தாமதம் டேனிஷ் மொழிக்காரர்கள், அதுவும் அரை விநாடிக்குள்தான். சாதாரணப் பேச்சில் ஜப்பானியர் மின்னல்.

முடிவெடுக்க வேண்டிய கேள்வி என்றால் கதை வேறு. விலைப்பட்டியலை நீட்டுகிறீர்கள். அவர் பார்க்கிறார். ஐந்து விநாடி, பத்து விநாடி. நம் ஊர் ஆளுக்கு அந்த மௌனம் தாங்காது. ஒரு வியாபாரப் பேச்சில் என் பக்கத்தில் இருந்தவர் எட்டாவது விநாடியில் வாயைத் திறந்து, “வேணும்னா ஃபைவ் பர்சன்ட் குறைச்சுக்கலாம் சார்” என்றார். எதிராளி நிமிர்ந்து பார்த்தார். அவர் அதுவரை யென்னில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இலவசமாக ஐந்து சதவீதம் போனது.

மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். டீ கோப்பையைப் பாருங்கள். அவரே பேசுவார்.

ஐந்தாம் படி: ‘யார்?’ என்று கேட்டு எழுதி வையுங்கள்

இது சின்ன விஷயம் போலத் தெரியும். தமிழில் எழுவாயை விட்டுவிட்டாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும்: அனுப்புகிறேன், அனுப்புகிறார்கள். ஜப்பானிய வினைச்சொல்லுக்கு அந்த வால் கிடையாது. ‘ஒகுரிமாஸ்’ என்றால் நான், நாங்கள், அவர், அவர்கள் யார் அனுப்பினாலும் அதுவே. ஆங்கிலத்தில் எழுதும்போதும் அவர்கள் பல சமயம் ‘வரைபடம் திருத்தப்படும்’ என்று முடித்துவிடுவார்கள். நாம் அவர்கள் திருத்துவார்கள் என்றும், அவர்கள் நாம் திருத்துவோம் என்றும் காத்திருப்போம்.

கூட்டக் குறிப்பில் மூன்று கட்டம் போடுங்கள்: என்ன, யார், எப்போது. அன்று மாலைக்குள் அனுப்பி, ‘இது சரிதானா?’ என்று கேளுங்கள். முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்குகிறவர் எழுத்தில் தைரியமாகத் திருத்துவார்.

ஆறாம் படி: கீரை சாப்பிடுங்கள்

‘ஹோரென்ஸோ’ என்றால் பசலைக்கீரை. ஹோகொகு என்றால் நடந்ததை மேலே சொல்வது, ரென்ராகு என்றால் தகவலைப் பகிர்வது, ஸோதான் என்றால் ஆலோசனை கேட்பது. மூன்றின் முதல் எழுத்துகளும் சேர்ந்து கீரையின் பெயராகிவிட்டன. 1982இல் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் தலைவர் தன் ஊழியர்களுக்காகக் கிளப்பிவிட்ட சொல் இது. இன்று அங்கே வேலைக்குச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடங்களில் ஒன்று.

நம்மிடம் இதற்கு எதிரான ஒரு நல்ல குணம் இருக்கிறது. பிரச்சினை வந்தால் சாருக்குத் தெரிவதற்கு முன் சரிபண்ணிவிட வேண்டும் என்று ராத்திரி பகலாக உழைப்போம். சரியாகிவிட்டால் ஹீரோ. ஜப்பானிய மேலதிகாரிக்கு அது பின்னால் தெரியவந்தால், மறைத்துவிட்டதாக நினைப்பார். மோல்டு உடைந்தால் உடைந்த பத்தாவது நிமிடம் சொல்லுங்கள், பாதிதான் தெரிந்தாலும் சொல்லுங்கள். கெட்ட செய்தி முதலில். எல்லாம் நன்றாகப் போனாலும் பாதி வழியில் ‘நன்றாகப் போகிறது’ என்று ஒரு வரி. எழுதுவதற்கு ஒன்றுமில்லையே என்று தோன்றும். அந்த ‘ஒன்றுமில்லை’யைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

தரக்குறைவுப் புகார் வந்தால் பதிலின் வரிசை முக்கியம். நாம் காரணத்திலிருந்து தொடங்குவோம்: பவர் கட் ஆனது, புது ஆள், மழை. அவர்கள் எதிர்பார்ப்பது முதலில் மன்னிப்பு. ‘மோஷிவாகெ கொஸாய்மசென்’ என்று ஆரம்பிப்பார்கள். சொல்லிக்கொள்ளச் சமாதானமே இல்லை என்பது அதன் நேர்ப்பொருள். அப்படிச் சொல்லிவிட்டு உடனே சமாதானம் சொல்ல ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? அதனால் மன்னிப்பு, இப்போதைக்கு என்ன தடுப்பு வைத்திருக்கிறோம், பிறகு காரணம், பிறகு நிரந்தரத் தீர்வு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

காரணம் தேடும்போதுதான் அந்தப் பிரபலமான ஐந்து ‘நாஸெ’ வரும். டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ பரப்பியது. நம் தொழிற்சாலைகளிலும் 5எஸ் (இடத்தை ஒழுங்காக வைப்பது), கைசன் (தொடர்ந்து மேம்படுத்துவது), போகா-யோகே (தவறு நேராமல் தடுப்பது) போல இதுவும் சுவரில் ஒட்டியிருக்கும். ‘நாஸெ’ என்றால் ‘ஏன்’. ஜப்பானியப் பொறியாளர் லைனில் நிற்கிற பையனிடம் இதைக் கேட்பார், நான் “ஏன் இப்படி ஆச்சு?” என்பேன். பையன் முகம் சுருங்கிவிடும். நம் வீட்டில் ‘ஏன்’ என்ற சொல் பெரும்பாலும் திட்டுக்கு முன்னால்தான் வரும்: ஏன்டா இப்படிப் பண்ணே? ஐந்து முறை ‘ஏன்’ கேட்டால் ஐந்தாவதில் அவன் அழுதுவிடுவான், அல்லது பக்கத்து மெஷின்காரன் மேல் போட்டுவிடுவான். ஒரு நாள் ‘ஏன்’ என்பதை விட்டுவிட்டு “எதனால?” என்று கேட்டுப் பார்த்தேன். “எதனால ஆயில் கசியுது?” அவனே குனிந்து ஆயில் சீல் இருந்த இடத்தைக் காட்டினான். அன்றிலிருந்து எந்த ‘நாஸெ’யையும் நான் ‘ஏன்’ என்று மொழிபெயர்த்ததில்லை.

ஏழாம் படி: கூட்டத்துக்கு முன்னாலேயே கூட்டத்தை முடியுங்கள்

பெரிய மரத்தை இடம் மாற்றுவதற்கு முன், பல மாதம் முன்னாலேயே வேரைச் சுற்றித் தோண்டி, புது வேர் விட வைப்பார்கள். அதற்கு ‘நெமவாஷி’ என்று பெயர். அலுவலகத்திலும் அதே சொல்தான். கூட்டத்தில் வைத்துப் புது யோசனையைத் திடீரென்று எடுத்து நீட்டினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதற்கு முந்தைய வாரம் ஒவ்வொருவரிடமும் தனியாகப் போய், வரைபடத்தைக் காட்டி, “இதில் உங்களுக்கு என்ன சங்கடம்?” என்று கேட்டுத் திருத்திக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஊர்த் திருவிழாக் கூட்டத்துக்கு முன் நாட்டாமை வீட்டுத் திண்ணை, பெரியப்பா வீட்டு முற்றம் என்று ஏறி இறங்குவதில்லையா, அதேதான்.

எல்லோரும் தலையசைத்த பிறகு ‘ரிங்கி’ என்ற ஒப்புதல் தாள் மேசை மேசையாகப் போகும், ஒவ்வொருவரும் முத்திரை குத்துவார்கள். சில இடங்களில் கீழ்நிலை ஆள் தன் முத்திரையை மேலதிகாரியின் முத்திரையைப் பார்த்து லேசாகச் சாய்த்துக் குத்த வேண்டும், வணங்குவது மாதிரி. இந்தப் பழக்கத்தைப் பார்த்துச் சிரிக்கிற ஜப்பானியர்களும் நிறைய உண்டு.

தாமதமாகிறதே என்று எரிச்சல் வரும். முடிவெடுக்க அவர்களுக்கு எட்டு வாரம் ஆகலாம். ஆனால் எடுத்த மறுநாளே எல்லாத் துறையும் ஒரே நேரத்தில் நகரும். நாம் ஒரே நாளில் முடிவெடுத்துவிட்டு எட்டு வாரம் ஆள் ஆளுக்கு விளக்கிக்கொண்டிருப்போம்.

எட்டாம் படி: மரியாதையை எங்கே போடுவது, எங்கே எடுப்பது?

பெயருக்குப் பின்னால் ‘சான்’ போடுவது எல்லோருக்கும் தெரியும். தன் பெயருக்குத் தானே போட்டுக்கொள்ளக் கூடாது என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. “நான் குமார்-சான் பேசுறேன்” என்றால் “குமார் அவர்கள் பேசுகிறேன்” என்கிற மாதிரி.

சிக்கலான இடம் இது. வெளியாளிடம் பேசும்போது உங்கள் மேலதிகாரிக்குக்கூட ‘சான்’ போடக் கூடாது. வாடிக்கையாளர் போன் செய்து தனாகாவைக் கேட்டால், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஆள், தாழ்மை வடிவத்தில் ‘தனாகா இருக்கையில் இல்லை’ என்று சொல்ல வேண்டும். அகம், புறம் என்று நாம் சொல்வது போல ‘உச்சி’, ‘ஸொத்தோ’ என்று அவர்கள் பிரிப்பார்கள். தன் வட்டத்து ஆளைத் தாழ்த்தினால்தான் வெளியாளுக்கு உயர்வு. நாம் யாரிடம் பேசினாலும் “சார் மீட்டிங்ல இருக்காங்க” என்போம். கொரியர்களும் இதில் நம்மைப் போலத்தான். ஆனால் குடும்பத்துக்குள் நமக்கும் உச்சி, ஸொத்தோ உண்டு. “எங்க பையன் காலேஜ் போயிருக்கான், உங்க தம்பி என்ன பண்றாங்க?” என்று பாதி வாக்கியத்தில் விகுதியை மாற்றுகிறோமே! அந்த விகுதி மாற்றத்தை அலுவலகத்துக்கும் கொண்டுபோனால் போதும்.

மரியாதைச் சொற்களை அவர்கள் பழைய வகுப்பில் மூன்று வகையாகப் படித்தார்கள், 2007இல் அரசின் கலாச்சாரக் குழு ஐந்து வகையாக்கியது. வேலைக்குப் புதிதாகச் சேரும் ஜப்பானிய இளைஞர்களே அதற்குத் தனியாகப் பயிற்சி எடுக்கிறார்கள். நீங்கள் ‘தெஸ்’, ‘மாஸ்’ என்று முடிகிற சாதாரணப் பணிவு நடையில் நின்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடுத்து வாங்கி, கூட்டம் முடியும் வரை மேசைமேல் வைத்திருங்கள். பின்பாக்கெட்டில் செருகாதீர்கள், அதன் மேல் கிறுக்காதீர்கள். அவ்வளவுதான்.

ஒன்பதாம் படி: எண், குறி, தேதி

பேச்சுப் பண்பாட்டில் கணக்கு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். நான் பார்த்த சண்டைகளில் பாதி இங்கேதான் ஆரம்பித்தது.

நாம் ஆயிரத்துக்குப் பிறகு லட்சத்துக்குத் தாவுகிறோம். அவர்கள் பத்தாயிரத்தை ஓர் அலகாக எண்ணுகிறார்கள், அதற்குப் பெயர் ‘மன்’. ஒரு லட்சம் என்பது 10 மன். ஒரு கோடி 1,000 மன். 10 கோடி சேர்ந்தால் ஒரு ‘ஒகு’. நடுவில் ஆங்கில மில்லியனும் நுழைந்துவிட்டால் மூவரும் மூன்று தொகை எழுதிக்கொண்டு எழுவார்கள். எந்தத் தொகையானாலும் பலகையில் சுழியோடு முழு எண்ணாக எழுதிக் காட்டுங்கள்.

பள்ளிக்கூடத்தில் நமக்கு டிக் அடித்தால் விடை சரி. ஜப்பானிய ஆசிரியர் சரியான விடைக்கு வட்டம் போடுவார், தப்புக்கு டிக்கையோ பெருக்கல் குறியையோ போடுவார். ஆய்வுத் தாளில் ஜப்பானியப் பொறியாளர் வட்டம் போட்டால் ‘இதைக் கவனி’ என்று சுழித்துக் காட்டுகிறார் என நினைத்து அந்தப் பாகத்தை ஓரம் கட்டிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். வட்டம் சரி, பெருக்கல் தவறு, இரட்டை வட்டம் மிக நன்று. முக்கோணம் என்றால் அரைகுறை. ஏதோ நிபந்தனையோடு ஏற்கலாம். முக்கோணத்தைக் கண்டால் உடனே போய் என்ன நிபந்தனை என்று கேளுங்கள். நேரில் சொல்லாத ‘முடியாது’ சில சமயம் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கும்.

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவார்கள். அரசுத் தாள்களில் பேரரசரின் ஆண்டும் வரும். ரெய்வா முதல் ஆண்டு 2019, ஆகவே ரெய்வா எண்ணோடு 2018ஐக் கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும். நிதியாண்டு அவர்களுக்கும் ஏப்ரல் 1. ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை, ஆகஸ்ட் நடுவில், புத்தாண்டை ஒட்டி ஆகிய மூன்று சமயங்களிலும் அங்கே நீண்ட விடுமுறை, பதில் வராது. கோபித்துக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

பத்தாம் படி: மாலையில் கூப்பிட்டால் போங்கள்

‘நோமிகாய்’ என்ற குடி விருந்து. மது தொடாதவர்கள் ஊலாங் தேநீர் கேட்டால் யாரும் வற்புறுத்துவது இப்போது அபூர்வம். எல்லோர் கையிலும் கோப்பை வந்து ‘கம்பாய்’ சொல்லும்வரை வாயில் வைக்காதீர்கள். தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்வதில்லை, பக்கத்தவருக்கு நீங்கள் ஊற்றினால் உங்களுக்கு அவர் ஊற்றுவார்.

பகலில் ‘முஸுகஷீ’ என்று நிறுத்திக்கொண்டவர் இங்கே அதன் காரணத்தைச் சொல்வார். ‘உங்கள் யோசனை நல்லதுதான், ஆனால் தரக்கட்டுப்பாட்டுத் துறைத் தலைவரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை’ என்று எனக்கு ஒரு தடவை காதோடு காதாகத் தகவல் வந்தது. மறுநாள் காலை அதே ஆள் ஒன்றும் நடக்காத மாதிரி வணக்கம் சொன்னார். நீங்களும் அப்படியே இருங்கள். ‘நேத்து ராத்திரி நீங்க சொன்ன மாதிரி’ என்று கூட்டத்தில் ஆரம்பித்தீர்களானால் அடுத்த முறை காது கிடைக்காது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பேசும் சூழலில் எவ்வளவு பொருளை ஒளித்து வைக்கிறார்கள் என்பதை வைத்துப் பண்பாடுகளை வகைப்படுத்தலாம் என்று 1970களில் அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் எழுதினார். ஜப்பானை அதிகம் ஒளித்து வைக்கிற பக்கம் நிறுத்தினார். அதைப் படித்துவிட்டு எல்லா ஜப்பானியரையும் புதிராகவே பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒசாகாக்காரர் உங்களிடம் விலையை முகத்துக்கு நேரே பேரம் பேசுவார், நடுவில் ஜோக்கும் அடிப்பார். கியோட்டோக்காரர்களோ மற்ற ஜப்பானியருக்கே புதிர். அங்கே ஒரு வீட்டில் ‘தேநீர்ச் சோறு சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்டால் ‘கிளம்புகிறீர்களா’ என்று அர்த்தம் எனக் கேலிக்கதை உண்டு. சூழலைப் படிக்கத் தெரியாதவனை ‘கே.ஒய்’ என்று கிண்டலடிக்கும் வழக்கம் 2007 வாக்கில் அங்கே பரவியது. எல்லோருக்கும் அது இயல்பாக வந்திருந்தால் கிண்டலுக்கு ஒரு சொல் எதற்கு?

பதினோராம் படி: மொழியையும் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள்

தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் நெடுங்காலம் வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, வாக்கியம் கட்டுகிற விதம் நமக்குக் கை வந்ததுதான். வினை கடைசியில். ‘தபெத்தே மிமாஸ்’: சாப்பிட்டுப் பார்க்கிறேன். ‘கைத்தே ஒகு’: எழுதி வை. ‘மிமாஸ்’ஸின் மூல வடிவமான ‘மிரு’ நம் ‘பார்’, ‘ஒகு’ நம் ‘வை’. துணைவினையாக நாம் வைக்கிற அதே இடத்தில் அவர்களும் வைக்கிறார்கள். ‘தாரெமோ’ யாரும், ‘தாரெகா’ யாரோ. ஆங்கிலம் வழியாகப் படித்தால் இதெல்லாம் ஆறு பாடம். தமிழ் வழியாக ஒரு சாயங்காலம்.

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர் சொல்வது ‘இத்தே கிமாஸ்’. எழுத்துக்கு எழுத்து ‘போயிட்டு வரேன்’. உள்ளே இருப்பவர் ‘போயிட்டு வாங்க’ என்பதற்கு நேரான சொல்லால் வழியனுப்புவார். ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது என்று நம் வீட்டில் அதட்டுவார்களே, அந்த அதட்டலை விளக்கிச் சொன்னபோது எங்கள் தொழிற்சாலையில் இருந்த ஜப்பானியர் சிரித்துவிட்டார். மூன்று வருடம் இருந்தார். கேட்டில் செக்யூரிட்டி அண்ணனிடம் தினமும் “போய்ட்டு வரேன்” சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறுவார்.

படிக்க நினைத்தால், ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிறு நடக்கும். சென்னையிலும் மையம் உண்டு. அடி நிலை என்5, உச்சி நிலை என்1. தொழிற்சாலைப் பேச்சைப் பின்தொடர என்4 தாண்டியிருக்க வேண்டும், இன்டர்ப்ரெட்டர் வேலை கேட்க என்2 இருந்தால் நல்லது. அந்தத் தேர்வில் வாசிப்பும் கேட்பதும் உண்டு, பேச்சுத் தேர்வு கிடையாது. அதனால் சான்றிதழோடு வருகிற பிள்ளைகளுக்கும் உம் கொட்டத் தெரிவதில்லை. எதிராளி பேசி முடிக்கும்வரை மரமாக நிற்பார்கள். அவரோ இவனுக்குப் புரியவில்லை என்று நினைத்துத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பார். புதிதாகச் சேருகிறவர்களை முதல் வாரம் ஒரு ஜப்பானியர் பக்கத்தில் உட்கார வைத்து, வேறொன்றும் பேச வேண்டாம், அவர் மூச்சு விடும் இடத்தில் எல்லாம் ‘ஹை’ போடு என்றுதான் சொல்கிறேன்.